பாறைக்கு வில்லங்கம் பார்த்த கதை

முப்பத்திரண்டு வருஷ காலம் சார்பதிவாளர் உத்தியோகம் பார்த்த மனிதனுக்குப் பென்ஷனோடு சேர்ந்து ஒரு வியாதியும் வந்து சேருகிறது. வடக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னாருடைய தென்னந்தோப்பு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட என்று தொடங்கும் வாசகத்தை ஆயிரக்கணக்கான பத்திரங்களில் வாசித்து வாசித்துப் பழகிவிட்டபடியால், எந்த நிலப்பரப்பைக் கண்டாலும் அதன் அழகு கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் எல்லைதான் கண்ணில் படும். கொடைக்கானலில் தூண் பாறைகளைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, “இது வனத்துறைக்குச் சேர்ந்ததா, வருவாய்த்துறைப் புறம்போக்கா?” என்று நான் கேட்டதாக என் மனைவி இன்றைக்கும் உறவினர்களிடம் சொல்லிக் காட்டுவதுண்டு. கேட்டது வாஸ்தவம். பதில்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட நான், சென்ற ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தின் தலைநகரமாகிய மேடிஸனில் மகள் வீட்டில் தங்கியிருந்த சமயம், செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை, “மாமா, வர்ற வெள்ளிக்கிழமை நாம கேம்ப் போறோம்” என்று தெரிவித்தார். ‘கேம்ப்’ என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மகிமை தெரியும். ஐயா கேம்ப்பில் இருக்கிறார் என்றால், பயணியர் மாளிகையின் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே வீற்றிருக்கிறார், டவாலி அணிந்த சேவகன் வாசலில் நிற்கிறான், சமையற்காரன் பின்கட்டில் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறான், இவ்வளவும் போக மாதக் கடைசியில் பயணப்படிப் பட்டியல் வேறு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே, “பங்களாவில் எத்தனை அறை?” என்று விசாரித்தேன். மாப்பிள்ளை தம் தட்டைப் பார்த்தார். மகள்தான் துணிந்து சொன்னாள்: “பங்களா இல்லப்பா. துணிக் கூடாரம். தரையில படுக்கணும்.”

தரையில் படுப்பதற்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதும், அந்தத் தரையைப் பதினோரு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால்தான் நல்ல இடமாகக் கிடைக்கும் என்பதும், நாங்கள் விசாவுக்கு மனுப் போடுவதற்கும் முன்னதாகவே மாப்பிள்ளை அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டார் என்பதும் அடுத்தடுத்து வெளிவந்தன. மற்ற விஷயங்களில் எனக்கு உற்சாகம் பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பதினோரு மாதம் என்ற கணக்கு மட்டும் உள்ளத்தில் ஒரு சந்தோஷத்தை உண்டாக்கிற்று. நம் ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்வார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைதான் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயப் பதிவுக்கு வரும். ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டால் என் போன்றோரின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பது ஜனங்கள் கண்டுபிடித்த சூக்ஷ்மம். என்னிடமிருந்து தப்பிப்பதற்காகவே ஏற்பட்ட அந்தக் கால அளவு, ஏழு கடல் தாண்டி ஒரு காட்டுக்குள் என்னை இட்டுச் செல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் போகவிருந்த இடத்தின் பெயர் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. பெயரைப் பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “பிசாசு ஏரியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? கூடாரம் போட்டுப் படுக்க உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். அந்தப் பிரதேசத்தின் ஆதிகுடிகளான ஹோ-சங்க் மக்கள் தங்கள் பாஷையில் அதைப் புனித ஏரி என்றுதான் அழைத்தார்களாம்; பின்னால் வந்து குடியேறியவர்கள், தெய்வத்துக்கும் பிசாசுக்கும் உள்ள வித்தியாசத்தை விசாரிக்கப் பொழுதில்லாமல், இப்படி எழுதிவிட்டார்களாம். 

பெயரில் இத்தனை பெரிய பிழை ஏற்பட்டு, அது வரைபடத்திலும் அரசாங்க ஏட்டிலும் ஏறி, நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஒருவரும் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக்கொள்ளாமல் இருந்துவருகிறார்கள் என்பது என் மனத்தை உறுத்திற்று. அந்தப் பூமியின் பழைய பத்திரத்தையே எடுத்துப் பார்த்தால் இன்னும் உறுத்தும். 1837-ல் வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஹோ-சங்க் தூதுக் குழுவினருக்கு நிலத்தை விற்கும் அதிகாரமே கிடையாது. அவர்களைக் கையெழுத்திட வைத்த ஒப்பந்தத்தில், வெளியேற எட்டு வருஷம் தவணை என்று அவர்கள் நம்பியிருக்க, எழுத்தில் இருந்தது எட்டு மாதம். பாத்தியதை இல்லாதவர் எழுதிக் கொடுத்ததும், வாசித்துக் காட்டியது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருப்பதும் ஆகிய இரண்டு காரணங்களில் ஒன்று இருந்தாலே நான் அந்தப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் என்னிடம் அது தாக்கலாகவில்லை.

மேடிஸனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கார்ப் பிரயாணம். சோளக்கொல்லைகளும் சிவப்புக் கொட்டகைகளும் முடிந்து, பேரபூ என்ற சிற்றூர் நெருங்கியதும், அதுவரை சாதுவாகக் கிடந்த பூமி திடீரென்று கோபங்கொண்டாற்போல எழும்பி நிற்கிறது. நடுவில் 360 ஏக்கர் பரப்பில் ஏரி. அதன் கிழக்கிலும் மேற்கிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 500 அடி உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர்கள். வடக்கும் தென்கிழக்கும் மட்டுமே தாழ்வு. நான்கெல்லை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒரு சொத்தை என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

வாசலில் காருக்கு ஒரு நுழைவு வில்லை ஒட்டினார்கள். பிறகு எங்களுக்குரிய மனையை அடைந்தோம். ‘மனை’ என்று நான் தெரிந்தேதான் சொல்லுகிறேன். கம்பம் நட்டு இலக்கமிட்டு, கார் நிற்க ஓரிடம், கூடாரத்துக்கு ஓரிடம், நெருப்பு மூட்ட இரும்பு வளையம் போட்ட ஓரிடம், உட்கார்ந்து சாப்பிட மரமேஜை ஒன்று என வரையறுத்து விட்டிருந்தார்கள். காடு என்றால் எல்லையற்றது, விதியற்றது என்று எண்ணிப் பயந்துகொண்டு வந்த எனக்கு, இலக்கமிட்ட அந்தக் கம்பத்தைக் கண்டதும் தாய்வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. எங்கள் ஊரில் அங்கீகாரம் பெற்ற லே-அவுட்டில்கூட இத்தனை ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

அதைக்காட்டிலும் என்னைப் பரவசப்படுத்தியது விறகு விஷயம். வீட்டுக் கொல்லையில் உலர்ந்து கிடந்த நாலு கட்டையைக் காரில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை பதறிப்போய்த் தடுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பத்து மைலுக்கு அப்பாலிருந்து வரும் விறகு, பூச்சியில்லை என்று அத்தாட்சி பெற்றதாக இருந்தாலொழியப் பூங்காவுக்குள் நுழையக் கூடாது. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று, ஆஷ் மரங்களின் பட்டைக்கு அடியில் புகுந்து, மரம் ரசம் ஏற்றிக்கொள்ளும் பாதையைப் புழுவாக இருக்கும்போதே குடைந்து தின்றுவிடுகிறது; அந்த நாட்டில் 2002-ல் முதன்முதலாகக் கண்ணில் பட்டு, 2008-ல் விஸ்கான்ஸினுக்கும் வந்துவிட்ட அந்த ஜந்து, தன் சிறகால் பறக்கும் தூரம் கொஞ்சம்தான். உல்லாசப் பிரயாணிகளின் விறகுக்கட்டில் ஏறிக்கொண்டு காரில் போகும் தூரமே அதிகம். ஆக, மனிதனுக்கு விசா இருப்பதுபோல விறகுக்கும் பிறந்த ஊர்ச் சான்று உண்டு. இரண்டு கட்டு விறகை வாங்கி, அதன் சீட்டை நான் ஒரு முறைக்கு இரு முறை வாசித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

கூடாரம் எழுப்பிய வைபவத்தை விஸ்தரிப்பதற்கில்லை. இரண்டு நீண்ட கழிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வளைத்துச் செருக வேண்டும் என்பதும், நான் பிடித்துக்கொண்டிருந்த கழி அதில் சேர்ந்ததல்ல, பக்கத்து மனைக்காரருடையது என்பதும் அரைமணி நேரத்துக்குப் பிறகு தெரிய வந்தன. அவர் நல்ல மனிதர். எல்லைத் தகராறு எதுவும் எழுப்பவில்லை.

மறுநாள் காலையில் கிழக்குப் பாறைமேல் ஏறினோம். நிலைநிற்கும் பாறை என்று ஒன்று நடுவழியில் இருக்கிறது. அதற்குப் போகும் பாதை அரை மைல்கூட இல்லை என்று மாப்பிள்ளை சொன்னதை நான் கிடைமட்டமான அரை மைலாகப் பாவித்துக்கொண்டது என்னுடைய பிசகு. கீழிருந்து மேல் வரை, கார் அளவும் மாட்டுவண்டி அளவுமாக உடைந்து சரிந்து கிடக்கும் ஊதா நிறக் கற்களினூடே படிக்கட்டு ஏறுகிறது. அந்தப் படிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, அரசாங்கம் வாலிபர்களைத் திரட்டிக் காடுகளிலும் பூங்காக்களிலும் வேலைக்கு அமர்த்திற்று. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வாலிபர்கள் சுமார் 200 பேர் 1935 முதல் 1941 வரை இந்த ஏரிக்கரையில் முகாமிட்டு, கைக்கருவிகளைக் கொண்டே பாறையைப் புரட்டி இந்தப் பாதைகளை அமைத்தார்கள். மீதி ஐந்து டாலரை வைத்துக்கொண்டு ஒருவன் இத்தனை பெரிய கல்லைப் புரட்டினான் என்று எண்ணும்போது அவனிடம் எனக்கு மரியாதை உண்டாயிற்று. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே அவன் விட்டிருந்த உயரத்தைப் பார்க்கையில், வீட்டுக்குப் போய்விட்ட அந்த 25 டாலரைப் பற்றிய வருத்தத்தையும் அவன் இதில்தான் காட்டியிருக்கிறான் என்று தோன்றிற்று.

நாற்பது படிக்கு ஒரு தரம் நான் உட்கார்ந்தேன். என் மனைவி உட்காரவில்லை. பழனிமலையைக் கார்த்திகைக்குக் கார்த்திகை ஏறி இறங்கியவள். சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் பேத்தியின் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி பிசாசின் பாறையில் விறுவிறுவென்று ஏறிப்போனாள். மேலே ஆகாயத்தில் சிவந்த தலையுடைய பெரிய கழுகுகள் நாலைந்து, இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. செத்த மிருகங்களை மோப்பம் பிடித்து வருவதில் அவற்றுக்கு நிகர் கிடையாது என்று பேத்தி எனக்குத் தெரிவித்தாள். அதன் பிறகு நான் உட்காரும்போதெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடங்களில் நான் வீண்பொழுது போக்கவில்லை. என் பக்கத்தில் கிடந்த கல்லைத் தடவிப் பார்த்தேன். அதன் முகத்தில் வரிவரியாக, ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த பிறகு விரலால் கோதியது போல் தெரியுமே, அதே அலைக்கோடுகள். காவிரியில் சித்திரை மாதத்தில் பார்த்த மணலை அப்படியே ஒரு தகடாகப் பெயர்த்துச் சாயம் தோய்த்து வைத்தாற்போல் இருந்தது. அது உண்மையிலேயே மணல்தான். சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த மணல், மேலே மேலே பாரம் ஏறி, பூமியின் உஷ்ணத்தில் வெந்து, மணிக்கு மணி ஒட்டி இறுகிக் குவார்ட்ஸைட் என்னும் பாறையாயிற்று. அதிலே கலந்த இரும்பின் சாயந்தான் இந்த ஊதா நிறம். ஆதியில் அலை அடித்த அடையாளம் மட்டும் போகவில்லை. மணற்கல்லை உடைத்தால் மணியும் மணியும் பிரியும். இந்தக் கல்லிலோ மணியே இரண்டாகப் பிளக்குமேயல்லாமல் ஒட்டு விடாது. அவ்வளவு கடினம் என்பதனால் ஒரு காலத்தில் இங்கே குவாரி வைத்து உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். இவ்வளவு பழைய பாறையில் சங்கும் எலும்பும் ஒன்றுகூட இல்லை; ஓடும் எலும்பும் கொண்ட ஜீவராசிகளே அந்நாளில் பூமியில் கிடையாது. நாங்கள் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். மிஞ்சினால் தாய்ப்பத்திரம் வரைக்கும் போவோம். 170 கோடி வருஷத்துத் தாய்ப்பத்திரம் என் உள்ளங்கைக்கு அடியில் கிடந்தது. எழுத்துத் தெளிவாக இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் ஒரு நத்தைகூட இருக்கவில்லை.

நிலைநிற்கும் பாறையை நான் சென்றடைந்தபோது என் மனைவி அதன் அருகில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மேலே பருத்தும் கீழே சிறுத்தும், தன் அடிநுனியொன்றை மட்டும் பாறைமேல் ஊன்றிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பாவனையில் நிற்கிறது அந்தக் கல். பேரபூ என்பது 1884-ல் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸ் தொடங்கிய ஊர். ஒற்றைக் காலில் நிற்கும் வித்தையை அவர்கள் எங்கே பார்த்துக் கற்றிருப்பார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. “மகாபலிபுரத்து வெண்ணெய் உருண்டை மாதிரி இல்ல?” என்று நான் கேட்டேன். “அது உருண்டை, இது கொழுக்கட்டையைக் குப்புறப் போட்டது” என்று அவள் திருத்தினாள். 

இன்னும் மேலே, உச்சியில், பிசாசின் வாசல் என்று ஒன்று. பெரிய பெரிய கற்கள் தாமாக அடுக்கிக்கொண்டு நிலையும் உத்தரமுமாக அமைந்து, வீடெல்லாம் இடிந்துபோய் நிலைவாசல் மட்டும் மிஞ்சியது போல் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

அங்கே நின்று கீழே பார்த்தபோதுதான் அந்தச் சொத்தின் வரலாறு எனக்குப் பூராவாக விளங்கியது. ஒரு காலத்தில் இந்த இரண்டு சுவருக்கும் நடுவே நதி ஒன்று ஓடிற்று. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், வடகிழக்கிலிருந்து ஒரு பனிப்பாளம், மலையுயரம் கொண்டது, யாருக்கும் நோட்டீஸ் கொடுக்காமல், நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வந்து கண்டதையெல்லாம் ஆக்கிரமித்துக்கொண்டு இந்தப் பாறைவரை வந்தது, வந்து, நின்றுவிட்டது. இங்கிருந்து மேற்கே பெரும்பரப்பு ஒன்று பனி தொடாத பூமி. நின்ற இடத்தில், தான் வழியெல்லாம் வாரிக்கொண்டு வந்த மண்ணையும் கல்லையும் வரப்புப் போலக் குவித்தது. பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் அப்படியொரு வரப்பை வைத்து அடைத்தது. பிறகு வந்த வழியே உருகிப் போய்விட்டது. இரண்டு வரப்புக்கும் இரண்டு சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட தண்ணீர்தான் இந்த ஏரி. ஊற்றிலும் ஓடையிலுமாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. வெளியேற ஓர் ஆறோ வாய்க்காலோ கிடையாது. அந்தப் பனியின் ஓரத்தை ஒட்டி மாநிலத்துக்குள் சுமார் 1,200 மைல் நீளத்துக்கு நடைபாதை ஒன்றை வகுத்து, அதில் ஜனங்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். என் அனுபவத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தானாகக் காலி செய்துவிட்டுப் போனதுமன்றி, தான் ஆக்கிரமித்தது எதுவரை என்று தன் செலவிலேயே எல்லைக்கல்லும் நட்டுவிட்டுப் போனவர் இவர் ஒருவரே.

இறங்கும்போது முழங்கால் என்னிடம் என்ன சொல்லிற்று என்பதை இங்கே எழுதுவது மரியாதையாகாது.

இரவு வந்தது. அந்தப் பூங்காவில் பதினொரு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை நிசப்தம் காக்க வேண்டும் என்பது விதி. பத்தே முக்காலுக்கே நான் பேத்தியின் சிரிப்பை அடக்கி, மாப்பிள்ளையின் நெருப்பை அவித்து, விதியை அமல்படுத்திவிட்டுக் காற்றடைத்த மெத்தையில் சாய்ந்தேன். நானூறுக்கு மேற்பட்ட மனைகளில் ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். சருகு விழும் சத்தம்கூடக் கேட்டது. அந்த மகத்தான மௌனத்தின் நடுவே, நள்ளிரவு தாண்டி, ஆயிரம் யானைகள் ஏககாலத்தில் பிளிறினாற்போல ஒரு சத்தம் எழுந்து இரண்டு பாறைச் சுவரிலும் மோதித் திரும்பிற்று. என் மனைவி எழுந்து உட்கார்ந்து, “சொன்னேனா இல்லையா? பிசாசு” என்றாள். பிசாசு அல்ல, கூட்ஸ் ரயில். ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி, எங்கள் தலைமாட்டிலிருந்து வெகுதூரமில்லாத பாதையில், மந்தமாக, பெட்டி பெட்டியாக எண்ணிக் காட்டிக்கொண்டு போயிற்று. எழுந்துபோய்ப் புகார் எழுதலாம் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். பிறகு தேதிகள் ஞாபகம் வந்தன. ரயில் பாதை போட்டது 1873-ல்; பூங்கா ஏற்பட்டது 1911-ல். முந்தின பாத்தியதை ரயிலுடையது. பின்னால் வந்தவர்கள் போட்ட விதி அதைக் கட்டுப்படுத்தாது. சட்டம் தெளிவாக இருந்தபடியால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். அதற்குள் மெத்தை தன்னுடைய காற்றை எங்கோ கைமாற்றிவிட்டிருந்தது.

இங்கே என்னுடைய குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுச் சாமான் எதையும் வெளியில் வைக்காமல் காருக்குள் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் எச்சரிக்கைகளில் முதலாவது. விறகுச் சீட்டைப் பையில் பத்திரப்படுத்திய நான், எங்கள் நாலடுக்கு எவர்சில்வர் கேரியரை மட்டும் மேஜைமேல் விட்டு வைத்தேன். அது என் மாமனார் கொடுத்தது. இரண்டு பக்கமும் கொக்கி. மேலே கைப்பிடியை அழுத்தி மாட்டினால் மனிதனே கழற்ற யோசிப்பான். திண்டுக்கல்லிலிருந்து எழும்பூர் வரை எத்தனையோ ரயில் பிரயாணத்தில் சொட்டுச் சாம்பாரை வெளியில் விடாத அந்தப் பாத்திரத்தை நம்பாமல் காருக்குள் பூட்டுவது, மாமனாரை நம்பாததற்குச் சமானம் என்று கருதினேன்.

மெத்தையற்றுப் போய்த் தரையின் வேரொன்று விலாவில் உறுத்த, நான் விழித்துக்கொண்டிருந்த வேளையில், டக் என்று ஒரு சத்தம். முப்பத்தைந்து வருஷமாக நான் கேட்டுப் பழகிய சத்தம். கேரியரின் இடதுபக்கக் கொக்கி விடுபடும்போது அப்படித்தான் கேட்கும். கூடாரத்தின் வாயைக் கொஞ்சம் விலக்கி டார்ச்சை அடித்தேன். மேஜைமேல் ஒரு ரக்கூன் சம்மணம் கூட்டாத குறையாக உட்கார்ந்திருந்தது. பெருத்த பூனை அளவு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. வளையம் வளையமாய் வால். வெளிச்சத்தைக் கண்டு ஓடவில்லை. தலையைத் திருப்பி, பத்திரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்கும் கட்சிக்காரனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் காரியத்தில் இறங்கியது. அதன் முன்னங்கால்களைக் கால் என்று சொல்ல நா எழவில்லை. ஐந்து விரல், ஒவ்வொன்றும் தனித்தனியே அசைகிறது. வலதுபக்கக் கொக்கியின் மேல் அந்த விரல்களை வைத்துத் தடவிப் பார்த்து, நகத்தைக் கீழே கொடுத்து நெம்பி, டக். கைப்பிடி சரிந்தது. ஓரடுக்கைத் தூக்கி ஓரமாக வைத்தது; போடவில்லை, வைத்தது. மேலடுக்கில் நாரத்தங்காய் ஊறுகாய். விரலால் தொட்டு நாக்கில் வைத்ததும் அதன் உடம்பெல்லாம் ஒரு குலுக்குக் குலுங்க, அந்த அடுக்கை முழங்கையால் தள்ளி வைத்தது. இரண்டாவது உருளைக்கிழங்கு வறுவல். அதை இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் தின்றது. மூன்றாவதாகிய தயிர் சாதத்துக்கு வந்தபோது அதன் போக்கே மாறிவிட்டது. கடுகையும் கறிவேப்பிலையையும் விலக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உண்டது.

சத்தம் போட்டு விரட்டியிருக்கலாம். ஆனால் நேரம் இரண்டரை மணி. நிசப்தம் காக்க வேண்டிய காலம். அதுவுமல்லாமல், 1873-ஐயும் 1837-ஐயும் தாண்டிய பாத்தியதை அந்த மேஜைமேல் உட்கார்ந்திருக்கும்போது ஆட்சேபணை மனுவை யாரிடம் கொடுப்பது? எதிரிடை அனுபவத்தின் மூலம் தயிர் சாதம் கைமாறியதை டார்ச்சு வெளிச்சத்தில் சாட்சியாக நின்று பார்த்தேன். அது அடியடுக்குப் புளியோதரையை மோந்து, ருசித்து, பாதி மீதம் வைத்து, கையைப் பனித்துளி படிந்த மேஜையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போயிற்று.

காலையில் என் மனைவி அடுக்குகளை எண்ணிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “ஊறுகாய் கொஞ்சம் உப்பு ஜாஸ்தின்னு நேத்தே நினைச்சேன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஏரிக்கரைக்குப் போய்ப் பாத்திரத்தை அலம்பி வருவதாகச் சொன்னவளைத் தடுத்து, அங்கே பாத்திரம் கழுவக் கூடாது, இலை கல் எதையும் எடுக்கக் கூடாது, இருப்பது இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விளக்கி, குழாயடிக்கு அனுப்பினேன். அவள் திரும்பி வரச் சற்றுத் தாமதமாயிற்று.

மேடிஸனுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மத்தியானம் மகள் வீட்டில் மிளகு ரசம். முதல் வாயிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வீட்டில் ஐந்து மாதமாக மின்யந்திரத்தில் அரைத்துப் பொடித்த மிளகைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அது பொடியாக இருக்குமே தவிர மிளகாக இராது. இன்றைக்கோ மிளகும் சீரகமும் நசுங்கிப் பிளந்து, பாதி உடைந்தும் உடையாமலும் நாக்கில் தட்டுப்பட்டு, எங்கள் வீட்டு அம்மியின் வாசனை அமெரிக்க ரசத்தில் வந்துகொண்டிருந்தது. எழுந்து சமையலறைக்குள் போனேன். காய்கறி நறுக்கும் பலகைமேல், துணி மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு கல். உள்ளங்கைக்கு அடங்கிய, நீண்டு உருண்ட, ஊதா நிறக் கல். ஒரு பக்கத்தில் அலைக்கோடு.

“இது எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன்.

“கிடந்தது” என்றாள்.

அதன் வயது, அதன் கடினம், மணிக்கு மணி ஒட்டாத மணற்கல்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அது இருந்த இடத்தில் இருக்க வேண்டியதன் நியாயம், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் மறுப்பேதும் சொல்லாமல், ஒரு பல் பூண்டை வைத்து ஒரே தட்டில் நசுக்கிக் காட்டினாள். தோல் தனியே வந்துவிட்டது.

“திருப்பி வைக்கணும், அவ்வளவுதானே? அடுத்த தடவை போகும்போது வச்சிடறேன். மாப்பிள்ளை இன்னைக்குக் காலையிலதான் இடம் பதிவு பண்ணினார்” என்றவள், ரசத்தை இன்னொரு கரண்டி என் தம்ளரில் ஊற்றினாள். “பதினோரு மாசம்தாங்க. உங்க ஆபீசுல அதைப் பதியச் சொல்லமாட்டாங்களே.”